பச்சை டிக் விழுந்தா வேலை முடிஞ்சுதா? ஸ்கிராப்பர் புரோகிராம்களுக்கு கண்ட்ரோல் பக்கம் டிசைன் பண்றது பத்தி

செவ்வாபேட்ட_தம்பி · ஞாயிறு, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம்ங்க. சேலம் செவ்வாய்பேட்டைல ஒரு சின்ன ஆபீஸ்ல வேல பாக்குறேன். மண்டி விலை, மிளகு, காபி, ஜவ்வரிசி, வெள்ளி, இப்படி பல சைட்ல வர்ற விலைய காலைல எடுத்து ஒரு ஷீட்டா போட்டு வியாபாரிங்களுக்கும் ஏற்காடு பக்கம் இருக்க தோட்டக்காரங்களுக்கும் வாட்ஸ்அப்ல அனுப்புறோம். இதுக்குன்னு பைத்தான்ல ஸ்கிராப்பி (வெப் பக்கத்துல இருந்து தகவல் எடுக்குற கருவி) வச்சு 11 ஸ்கிராப்பர் புரோகிராம் எழுதி வச்சிருக்கேன். இவ்ளோ நாளா நானே கருப்பு ஸ்கிரீன்ல உக்காந்து ஓட்டிட்டு இருந்தேன், ஆனா காலைல 6:30க்கு ஆபீஸ் தொறக்குறது எங்க அக்கா ஒருத்தங்க, நான் அம்மாபேட்டைல இருந்து வர 9 மணி ஆயிடும், அதனால அவங்களே ஓட்டிக்கிற மாதிரி பிளாஸ்க்ல (பைத்தான்லயே வெப் பக்கம் போடுற கருவி) ஒரு பக்கம் போட்டுக் குடுத்தேன். 11 வரி டேபிள், ஒவ்வொன்னுக்கும் ஸ்டார்ட், ஸ்டாப், லாக், பக்கத்துல ஒரு கலர் வட்டம். அவ்ளோதான்.

ரெண்டு விஷயம் நடந்துருச்சு. மொதல்ல, அக்கா ஒரு நாள் ஸ்டாப் அழுத்திருக்காங்க, நிக்கல, திரும்ப அழுத்திருக்காங்க, அப்பவும் நிக்கல, கடைசில பக்கத்த ரீஃப்ரெஷ் பண்ணி ஸ்டார்ட் குடுத்துட்டாங்க, ஒரே புரோகிராம் ரெண்டு காப்பி ஓடி எல்லா வரியும் டபுளா விழுந்துருச்சு.

ரெண்டாவதுதான் எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குது. மிளகு விலை எடுக்குற ஒரு சைட்ல டேபிள்ல புதுசா ஒரு காலம் (மேலிருந்து கீழ வர்ற கட்ட வரிசை) சேத்துட்டாங்க. என் புரோகிராம் நாலாவது காலத்த மோடல் விலைன்னு (அன்னிக்கு அதிகமா வியாபாரம் ஆன விலை) படிக்கும், இப்ப அந்த எடத்துல மினிமம் விலை வந்து உக்காந்துருச்சு. பக்கம் 200ன்னு (எல்லாம் சரின்னு அர்த்தம்) பதில் சொல்லிச்சு, வரி எல்லாம் சரியா வந்துச்சு, எரர் ஒன்னும் இல்ல, என் பக்கத்துல பச்சை வட்டம். அக்கா அனுப்பிட்டாங்க. நாகலூர் பக்கம் ஒரு பெரியவர் அத பாத்துட்டு, சரி விலை எறங்கிடுச்சு போலன்னு வீட்டு வாசலுக்கு வந்த வியாபாரிகிட்ட கிலோவுக்கு 30 ரூபாய் கொறச்சு ரெண்டு மூட்டை குடுத்துட்டாரு. அவரு எங்கள ஒரு வார்த்தை கூட கோவமா பேசல. அதுதான் இன்னும் கஷ்டமா இருக்கு.

இந்த பக்கத்த எப்படி திரும்ப டிசைன் பண்ணலாம்னு கேக்கத்தான் இந்த இழை. அழகு வேண்டாம். பாக்குறவங்கள ஏமாத்தாம இருந்தா போதும்.

சூரமங்கலம்_ஜங்ஷன் · ஞாயிறு, இரவு 10:05

ஸ்கிராப்பிடி வச்சுப் பாத்தீங்களா தம்பி? ஸ்கிராப்பி புரோகிராம ஓட்டுறதுக்குன்னே இருக்கு, 6800 போர்ட்ல (சர்வருக்குள்ள நுழையற வாசல் நம்பர்) நிக்கும், ஷெட்யூல் பண்ண, கேன்சல் பண்ண, என்ன ஓடுது என்ன காத்திருக்கு என்ன முடிஞ்சுதுன்னு கேக்க எல்லாத்துக்கும் ஜேசன்ல (புரோகிராம் சுலபமா படிக்கிற எழுத்து வடிவம்) பதில் குடுக்கும். அதோட சொந்தப் பக்கம் ரொம்ப எளிமை, அத அப்படியே அக்காகிட்ட காட்ட முடியாது, ஆனா உங்க பக்கத்துக்கு அடியில அத வச்சுக்கலாம். ஒன்னு மட்டும், அந்த போர்ட்ட வெளிய தொறந்து விட்டுராதீங்க. யூசர்நேம் பாஸ்வேர்டு நாமளா போட்டாதான் உண்டு, போர்ட் தெரிஞ்ச எவன் வேணா கோட் ஏத்தி ஓட்டலாம்.

அஸ்தம்பட்டி_ராத்திரி · ஞாயிறு, இரவு 11:32

தம்பி, ஸ்கிராப்பிடி வைங்க இல்ல சொந்தமா எழுதுங்க, அது அப்புறம். உங்க ரெண்டு பிரச்சனையும் ஒரே எடத்துல இருந்துதான் வருது. உங்க பக்கத்துல ஒரே ஒரு வட்டம் இருக்கு, அதுலயே "நாம சொன்னது", "நடக்குறது" ரெண்டையும் சேத்துப் போட்டு வச்சிருக்கீங்க. பட்டன் அழுத்துறது வேலை இல்ல, அது ஒரு உத்தரவு, அவ்ளோதான். உத்தரவு போயிருக்கும், வேலை நடந்திருக்காது, நடந்துட்டு இருக்கும், பாதில நின்னிருக்கும்.

ஸ்டாப்பையே எடுத்துக்கங்க. ஸ்கிராப்பிய ஒரு தடவ நிறுத்தச் சொன்னா அது புதுசா பக்கம் எடுக்கறத நிறுத்தும், ஆனா கைல இருக்க ரிக்வெஸ்ட் எல்லாம் திரும்பி வர்ற வரைக்கும், வந்த டேட்டாவ எழுதி முடிக்கிற வரைக்கும் நிக்காது. அது நல்லதுதான், பாதி ஃபைல் விழாது. ரெண்டாவது தடவ சொன்னாதான் அப்படியே போட்டுட்டு வெளிய வரும். ஸ்கிராப்பிடில கேன்சல் பண்ணினா "ஓகே, முந்தின நிலை ரன்னிங்"னு உடனே பதில் வரும். அந்த ஓகேக்கு அர்த்தம் நின்னுருச்சுன்னு இல்ல, சொன்னது காதுல விழுந்துதுன்னு. அதப் பாத்துட்டு வட்டத்த செவப்பாக்கினா அது பொய்.

எங்க வீட்டுக்குப் பின்னாடி விசைத்தறி ஓடும். ஸ்விட்ச்ச ஆஃப் பண்ணினதும் தறி நிக்காது, சக்கரம் இன்னும் நாலு சுத்து சுத்தித்தான் நிக்கும். தறி ஓட்டுறவங்க யாரும் ஆஃப் பண்ண உடனே கைய உள்ள விட மாட்டாங்க, சக்கரத்தப் பாப்பாங்க. உங்க அக்காவுக்கு ஸ்விட்ச் மட்டும் குடுத்துருக்கீங்க, சக்கரத்தக் காட்டல. அதான் திரும்பத் திரும்ப அழுத்திருக்காங்க. அவங்க மேல தப்பே இல்ல.

அதனால ரெண்டு காலம் வைங்க. ஒன்னு "சொன்னது", இன்னொன்னு "நடக்குறது". ஸ்டாப் அழுத்தினா மொத காலம் உடனே மாறும், "நிறுத்தச் சொன்னது 6:14". ரெண்டாவது காலம் புரோகிராம் சொன்னாதான் மாறணும், "நின்னுட்டு இருக்கு, இன்னும் 5 பக்கம் பாக்கி", அப்புறம் "நின்னாச்சு 6:15". ஸ்டாப் பட்டன் அந்த நேரத்துல மங்கிடணும். ஒரு 90 செகண்ட் தாண்டியும் நிக்கலைன்னா மட்டும் "உடனே வெட்டு"ன்னு இன்னொரு பட்டன் வரட்டும், அதுக்குக் கீழயே "எடுத்ததுல கொஞ்சம் போயிடலாம்"னு எழுதுங்க. லினக்ஸ்ல சர்வீஸ்கள ஓட்டுற சிஸ்டம்டி கூட ஒரு சர்வீஸ நிறுத்தச் சொன்னா டீஃபால்ட்டா 90 செகண்ட் பொறுத்துட்டுதான் வெட்டும், அதே கணக்கு.

இன்னொன்னு, ஓடுற புரோகிராம் 10 செகண்டுக்கு ஒரு தடவ "இருக்கேன்"னு டேட்டாபேஸ்ல நேரத்த எழுதணும். ஒரு நிமிஷமா எழுதலைன்னா பக்கத்துல "ஓடுது"ன்னு போடாதீங்க, "6:22க்கு அப்புறம் தகவல் இல்ல"ன்னு போடுங்க. கரண்டு போய் சர்வர் திரும்ப எழுந்தப்ப, செத்துப் போன புரோகிராம் மூணு நாளா "ஓடுது"ன்னு காட்டிட்டு இருந்தத நானே பாத்துருக்கேன்.

செவ்வாபேட்ட_தம்பி · திங்கள், காலை 7:10

அண்ணே, தறி உதாரணம் அப்படியே புரிஞ்சுருச்சு. ஒரு சந்தேகம், நான் ஸ்டார்ட் அழுத்தினா அந்த பிளாஸ்க் ஃபங்ஷனுக்குள்ளயே சப்பிராசஸ் ரன் (இன்னொரு புரோகிராம ஓட்டுற கட்டளை) குடுத்து முடியற வரைக்கும் காத்திருக்கேன். ஒரு சில புரோகிராம் மட்டும் எரர் பக்கம் காட்டுது, ஆனா டேட்டா வந்துருது. ஏன்னு புரியல.

அஸ்தம்பட்டி_ராத்திரி · திங்கள், காலை 7:48

முன்னாடி ஜியூனிகார்ன் (பிளாஸ்க் பக்கத்த சர்வர்ல ஓட்டுறது) இருக்கா? இருந்தா அதோட டீஃபால்ட் டைம்அவுட் 30 செகண்ட். அதுக்கு மேல போனா ஜியூனிகார்ன் அந்த வொர்க்கர (பக்கத்துக்குப் பதில் சொல்ற பிராசஸ) வெட்டிடும், பக்கத்துல எரர், ஆனா நீங்க பெத்துவிட்ட புரோகிராம் அனாதையா ஓடிட்டுதான் இருக்கும். அக்கா எரரப் பாத்து திரும்ப அழுத்துவாங்க. உங்க டபுள் வரிக்குக் காரணம் ரீஃப்ரெஷ் மட்டும் இல்ல, இதுவும்தான்.

வெப் பக்கம் எதையும் ஓட்டக் கூடாதுங்க. அது ஒரு டேபிள்ல "இந்த புரோகிராம ஓட்டணும், கேட்டது அக்கா, 6:31"னு ஒரு வரி எழுதிட்டு உடனே பதில் சொல்லிடணும். வெப் பக்கத்தோட சேராம, தனியா பின்னாடி நிக்கிற ஒரு வொர்க்கர் புரோகிராம் அந்த வரிய எடுத்து ஓட்டணும். 11 புரோகிராமுக்கு எஸ்க்யூலைட்டே (ஒரே ஃபைல்ல நிக்கிற சின்ன டேட்டாபேஸ்) தாராளம். வொர்க்கர் ரெண்டு மூணு ஆச்சுன்னா போஸ்ட்கிரஸ்ங்கற பெரிய டேட்டாபேஸுக்குப் போங்க, ஸ்கிப் லாக்டுன்னு ஒரு வசதி அதோட 9.5 வெர்ஷன்ல வந்தது, ஒருத்தன் எடுத்த வேலைய இன்னொருத்தன் எடுக்க மாட்டான். அதோட ஒரு புரோகிராமுக்கு ஒரு நேரத்துல ஒரு உயிருள்ள ஓட்டம்தான்னு டேட்டாபேஸ்லயே யூனிக் இண்டெக்ஸ் (அதே மாதிரி ரெண்டாவது வரிய உள்ள விடாத பூட்டு) போட்டுருங்க. பட்டன மறைச்சுட்டா போதும்னு நினைக்காதீங்க, ரெண்டு போன்ல ரெண்டு பேர் அழுத்துவாங்க.

கொலுசுப்பட்டறை · திங்கள், மதியம் 1:20

ஸ்டார்ட்ட லிங்க்கா வச்சிருக்கீங்களா, ஃபார்மா வச்சிருக்கீங்களா? நாங்க பனங்காட்டுல வெள்ளி விலைக்கு இதே மாதிரி ஒன்னு வச்சிருந்தோம், லாகின் கூட கெடையாது. வீட்டுல ஒருத்தர் அந்த ஸ்டார்ட் லிங்க்க வாட்ஸ்அப்ல டைப் பண்ணி அனுப்பினாரு. பிரிவியூ காட்டுறதுக்காக போனே அந்த லிங்க்க ஒரு தடவ தொட்டுருச்சு, யாரும் அழுத்தாமயே புரோகிராம் ஓடிருச்சு. ஓட்டுறது நிறுத்துறது எதா இருந்தாலும் போஸ்ட்டாதான் (ஃபார்ம் அனுப்புற வழி) போகணும், கெட்டுல (லிங்க்கத் தொறக்குற வழி) பாக்குற வேலை மட்டும். லாகின் கண்டிப்பா வைங்க, யாரு எப்ப அழுத்துனாங்கன்னு அந்த வரியிலயே தெரியட்டும். ஆள் பிடிக்கறதுக்கு இல்ல, காலைல வர்ற உங்களுக்கு என்ன நடந்துதுன்னு கோர்வையா தெரியறதுக்கு.

கன்னங்குறிச்சி_கணக்கு · திங்கள், இரவு 8:55

எல்லாரும் பட்டன் பத்தியே பேசிட்டு இருக்கீங்க. அந்த நாகலூர் பெரியவருக்கு நடந்தது பட்டன்னால நடக்கல. அதப் பேசலாம்.

பத்து வருஷமா டேட்டா எண்ட்ரி, சரிபார்ப்புன்னு இதே வேலைல இருக்கேன் தம்பி. ஸ்கிராப்பி கடைசில "ஃபினிஷ்டு"ன்னு ஒரு காரணம் எழுதும் பாருங்க, அதுக்கு அர்த்தம் க்யூ காலியாயிடுச்சு, எடுக்க வேற பக்கம் இல்ல, அவ்ளோதான். எடுத்தது சரியா தப்பான்னு அதுக்குத் தெரியாது. உங்க பச்சை வட்டம் அந்த வார்த்தையக் கேட்டுட்டுதான் பச்சையாச்சு. லாரி வந்து சேந்துருச்சுன்னா மூட்டைல என்ன இருக்குன்னு அவுத்துப் பாத்தாச்சுன்னு ஆயிடுமா?

மொதல்ல ஓடுறதையும் வெளிய அனுப்புறதையும் பிரிச்சுருங்க. எடுத்தது நேரா ஷீட்டுக்குப் போகக் கூடாது, நடுவுல ஒரு திண்ணைல உக்காரணும். அங்க சில சோதனை. நேத்து எத்தன வரி, இன்னிக்கு எத்தன வரி. வெத்தா இருக்க கட்டம் எத்தன. ஒரு பொருளோட விலை நேத்த விட இவ்ளோ சதவீதத்துக்கு மேல மாறிருந்தா நிறுத்து, அந்த அளவ பொருளுக்குப் பொருள் நீங்களே வைங்க, தக்காளிக்கு வைக்கிறத மிளகுக்கு வைக்க முடியாது. அப்புறம் உங்க விஷயத்துக்கு நேரா உதவுறது இதுதான்: மினிமம், மோடல், மேக்சிமம் மூணும் அந்த வரிசைலதான் ஏறணும். உங்க காலம் ஒன்னு தள்ளிப் போனதுல மோடல் எடத்துல மினிமம் வந்துச்சுன்னா, மினிமம்னு நீங்க படிக்கிற எடத்துல வேற ஏதோ, ரகமோ தேதியோ வந்திருக்கும். அந்த ஒரு சோதனை இருந்திருந்தா அன்னிக்கு காலைலயே பிடிச்சிருக்கும். காலத்த நம்பர் போட்டு படிக்காம தலைப்பப் பாத்து படிங்க, தலைப்பு மாறிருந்தா புரோகிராம் நின்னுரட்டும்.

ஆனா சோதனை எல்லாத்தையும் பிடிக்காது. அதனால ஸ்கிரீன்ல இத வைங்க, நான் வச்சிருக்கேன், இதுக்கு மேல எனக்கு உதவுன ஒன்னு இல்ல. ஒவ்வொரு புரோகிராமுக்கும் கீழ, எடுத்ததுல மொத வரியையும் கடைசி வரியையும் அப்படியே காட்டுங்க, அதுக்கு நேர் கீழ நேத்தோட அதே வரி. நெறைய வேண்டாம், நாலு வரிதான். "மிளகு, கிலோ, மினிமம் இவ்ளோ, மோடல் இவ்ளோ, மேக்சிமம் இவ்ளோ", கீழ நேத்தோடது. உங்க அக்கா தெனமும் விலை பாக்குறவங்க, அவங்க கண்ணு அத ஒரு செகண்ட்ல பிடிச்சுரும். 11 வட்டத்தப் பாத்தா பச்சையா இருக்கான்னுதான் பாப்பாங்க. விலையக் காட்டினா விலையப் பாப்பாங்க.

அளவு எழுதாம விலை காட்டவே காட்டாதீங்க. மண்டி விலை குவிண்டாலுக்கு, காபி பார்ச்மென்ட் 50 கிலோ மூட்டைக்கு, ஜவ்வரிசி 90 கிலோ மூட்டைக்கு, மரவள்ளிக் கிழங்குக்கு ஆத்தூர் பக்கம் பாயிண்ட் கணக்கு, மாவுச்சத்து எத்தன பாயிண்ட்டோ அதுக்குத் தகுந்த காசு. இத எல்லாத்தையும் வெறும் நம்பரா ஒரே டேபிள்ல போட்டா எந்த கண்ணுக்கும் தப்பு தெரியாது.

அப்புறம் எடுத்த பக்கத்தோட ஹெச்டிஎம்எல்ல (சைட் அனுப்புன மூல எழுத்த) அப்படியே ஒரு ஃபோல்டர்ல சேத்து வைங்க. படிச்சது தப்புன்னு தெரிஞ்சா சைட்ட திரும்பத் தொடாம அந்த ஃபைல்ல இருந்தே திரும்பப் படிச்சுக்கலாம்.

மலைமேல_மிளகு · செவ்வாய், காலை 8:30

நான் புரோகிராம் ஆள் இல்லீங்க, மஞ்சக்குட்டை பக்கம் கொஞ்சம் காபி, கொஞ்சம் மிளகு. என் பையன் இந்த இழைய காட்டினான், அதனால எழுதுறேன்.

எங்களுக்கு வர்ற ஷீட்டுல விலை இருக்கும், அது எப்ப எடுத்த விலைன்னு இருக்காது. இங்க மூடுபனி எறங்குச்சுன்னா சிக்னல் போயிரும், மெசேஜ் சாயங்காலம்தான் வந்து விழும். சில நாள் சேலம் எறங்குறப்ப பாதி வளைவு தாண்டுனதும் மூணு மெசேஜ் ஒட்டுக்கா வரும். எது இன்னிக்கோடது எது முந்தாநாத்தோடதுன்னு எப்படிங்க தெரியும்? மெசேஜ் வந்த நேரத்தப் பாத்து ஏமாந்திருக்கேன். விலைக்குப் பக்கத்துலயே தேதியும் மணியும் போட்டுக் குடுங்க. இன்னிக்கு எடுக்க முடியலைன்னா எடுக்க முடியலைன்னே சொல்லுங்க. விலை தெரியாதுன்னா நாங்க மூட்டைய கட்டி வச்சிருவோம், தப்பான விலை தெரிஞ்சா வித்துருவோம்.

சூரமங்கலம்_ஜங்ஷன் · செவ்வாய், காலை 10:15

ஐயா எழுதுனதுக்கு மேல நான் என்ன சொல்ல. தம்பி, எடுத்த நேரம், சைட்டு போட்ட தேதி ரெண்டும் வேற வேற காலமா இருக்கட்டும். காலைல 6:30க்கு நீங்க எடுத்திருப்பீங்க, ஆனா சைட்டுல கெடக்குறது முந்தின நாள் விலையா இருக்கும்.

நேரம்னதும் ஞாபகம் வருது. சர்வர் பெரும்பாலும் யுடிசில (உலகப் பொது நேரத்துல) ஓடும். நமக்கு 6:30ன்னா அதுக்கு 1:00. கிரான்ல (நேரம் வச்சு புரோகிராம தானா ஓட்டுறது) அஞ்சு கட்டமா நேரம் எழுதுற வரிய அப்படியே பக்கத்துல காட்டாதீங்க, "அடுத்து ஓடுறது: நாளை காலை 6:30"ன்னு முழுசா எழுதுங்க.

குகை_நெட்வொர்க் · செவ்வாய், மதியம் 3:02

லாக் நேரலையா ஓடுற மாதிரி வெப்சாக்கெட் (பக்கமும் சர்வரும் மாறி மாறிப் பேசுற தொடர் இணைப்பு) போட்டா நல்லா இருக்குமே? அப்புறம் வேகத்துக்கு ஒரு ஸ்லைடர், அக்கா அவசரம்னா கூட்டிக்கலாம்.

அஸ்தம்பட்டி_ராத்திரி · செவ்வாய், இரவு 10:50

லாக் விஷயம் சின்னது. சர்வர்ல இருந்து பக்கத்துக்கு மட்டும்தான் தகவல் போகணும், அதுக்கு வெப்சாக்கெட் தேவையில்ல, சர்வர் சென்ட் ஈவென்ட்ஸ் போதும், அதுவும் என்ஜின்எக்ஸ் (முன்னாடி நிக்கிற வெப் சர்வர்) நடுவுல இருந்தா பஃபரிங்க (சேத்து வச்சு அனுப்புறத) நிறுத்தணும், இல்லைன்னா எல்லா வரியும் கடைசில மொத்தமா வந்து கொட்டும். உண்மையச் சொன்னா 11 புரோகிராமுக்கு 5 செகண்டுக்கு ஒரு தடவ கேக்குறதே போதும், சிக்னல் போய் திரும்ப வந்தா தானா சரியாயிடும். லாக்ல கடைசி 200 வரி காட்டுங்க.

ஸ்லைடர் மட்டும் வேண்டவே வேண்டாம். இதுல நான் பிடிவாதமா இருக்கேன். ஸ்கிராப்பி செட்டிங்ஸ்ல ஒன்னும் எழுதலைன்னா ஒரு டொமைனுக்கு ஒரே நேரத்துல 8 ரிக்வெஸ்ட் வரைக்கும் அனுப்பும், அதுவே நம்ம மாதிரி விலைப் பக்கம் வச்சிருக்க சின்ன சைட்டுக்கு அதிகம். ஒரு நாளைக்கு ஒரு தடவ மாறுற விலைக்கு என்ன அவசரம்? அந்த சைட்டும் யாரோ நம்மள மாதிரி ஒருத்தர் காலைல உக்காந்து டைப் பண்றதுதான். டவுன்லோட் டிலே (பக்கத்துக்குப் பக்கம் இடைவெளி) போடுங்க, ஆட்டோத்ராட்டில் (சைட் மெதுவானா தானா வேகத்தக் கொறைக்கிறது) போடுங்க, அத கோட்லயே வைங்க, பக்கத்துல தொட முடியாம எழுத்தா மட்டும் காட்டுங்க: "பக்கத்துக்குப் பக்கம் 3 செகண்ட் இடைவெளி".

ரோபாட்ஸ் டாட் டிஎக்ஸ்டி (எத எடுக்கலாம், எத எடுக்கக் கூடாதுன்னு சைட்காரங்க வைக்கிற ஃபைல்) 1994ல இருந்து ஒரு மரியாதை வழக்கமா இருந்துச்சு, 2022ல அத ஆர்எஃப்சி 9309ன்னு இணையத் தரமாவே எழுதிட்டாங்க. அங்க எடுக்காதன்னு போட்டிருந்தா ஸ்கிரீன்ல "சைட்காரங்க அனுமதி இல்ல"ன்னு வரட்டும், மீறி ஓட்டுற பட்டன் இருக்கவே கூடாது. சைட்ல இருந்து 429ன்னு பதில் வந்தா "ரொம்ப அடிக்கடி கேக்குறோம், அவங்க பொறுக்கச் சொல்லிருக்காங்க"ன்னு தமிழ்ல காட்டுங்க, ரிட்ரை ஆஃப்டர்ல எவ்ளோ நேரம் சொல்லிருக்கோ அது வரைக்கும் ஸ்டார்ட் மங்கிக் கெடக்கட்டும்.

குகை_நெட்வொர்க் · செவ்வாய், இரவு 11:20

அண்ணே, சைட் முடங்குற அளவுக்கு யாரும் போக மாட்டோம். ஆனா நீங்க சொல்றதும் சரி, பட்டன் இருந்தா ஒரு நாள் அழுத்தத்தான் தோணும். ஸ்லைடர விட்டுரலாம்.

கன்னங்குறிச்சி_கணக்கு · புதன், காலை 6:40

இன்னும் ரெண்டு. மண்டி விலைக்கு ஸ்கிராப் பண்ணவே தேவையில்ல தம்பி, இந்திய அரசோட திறந்த தரவுத் தளத்துல தினசரி மண்டி விலை ஏபிஐயா (புரோகிராம் நேரா கேட்டு டேட்டா வாங்குற வழி) கெடைக்குது, பதிவு பண்ணி சாவி வாங்கினா போதும். 11ல எதெது அப்படி வாங்க முடியும்னு மொதல்ல பாருங்க, பக்கம் மாறி காலம் தள்ளுற பிரச்சனையே பாதி போயிரும். அப்புறம் சில சைட்டுல வியாபாரிங்க பேரு, போன் நம்பரும் சேந்து இருக்கும். விலைய மட்டும் எடுங்க. 2023ல தனிநபர் தரவுச் சட்டம் வந்தாச்சு, சட்டம் இல்லைன்னாலும் அது நமக்குத் தேவையில்லாத சாமான்.

பட்டன் பேரு என்ன வச்சிருக்கீங்க? ஸ்டார்ட், கில், டெர்மினேட்டா? அக்கா வாய்ல என்ன வார்த்தை வருதோ அத வைங்க.

செவ்வாபேட்ட_தம்பி · இரண்டு வாரம் கழிச்சு, வெள்ளி, காலை 9:25

எல்லாருக்கும் நன்றிங்க. 11 இப்ப 8 ஆயிருச்சு, மூணு ஏபிஐக்கு மாத்திட்டேன். வொர்க்கர் தனி, பக்கம் தனி. "சொன்னது", "நடக்குறது" ரெண்டு காலம். பட்டனுக்கு பேரு வைக்க அக்காகிட்டயே கேட்டேன், "விலை எடு", "போதும் நிறுத்து", "அனுப்பலாம்"னு சொன்னாங்க, அதையே வச்சுட்டேன். கலர் வட்டத்த எடுத்துட்டேன், எழுத்து மட்டும்தான், கீழ இன்னிக்கு வரி, நேத்து வரி. ஒவ்வொரு விலைக்கும் அளவு, சைட் தேதி, எடுத்த நேரம்.

இன்னிக்கு காலைல நடந்தத சொல்லணும். 6:41க்கு மிளகு எடுத்தாச்சு, வரி எண்ணிக்கை நேத்து மாதிரியே, வரிசையும் சரி, என் சோதனை எல்லாம் தாண்டிருச்சு. அக்கா "அனுப்பலாம்" அழுத்தல. எனக்கு போன் பண்ணி, "தம்பி, நேத்து வரியும் இன்னிக்கு வரியும் பைசா மாறாம ஒன்னா இருக்கு, மேல ரகம், கீழ ரகம் எதுலயுமே மாறல, மிளகு அப்படி நிக்காது"ன்னாங்க. போய்ப் பாத்தா சைட்டுல தேதிய மட்டும் இன்னிக்கு மாத்திருக்காங்க, விலை நேத்தோடதே. இப்படி ஒரு சோதனை எனக்குத் தோணவே இல்ல. மத்த ஏழையும் அனுப்பிட்டு, மிளகுக்கு மட்டும் "நேத்து விலை, இன்னிக்கு புதுசு வரல"ன்னு போட்டு அனுப்பினோம். எல்லா வரியும் நேத்தோட ஒத்துப் போனா திண்ணைலயே நிறுத்துற மாதிரி இப்பதான் எழுதிட்டு இருக்கேன்.

நாகலூர் பெரியவர் நம்பர் அக்காகிட்ட இருந்துச்சு, அவருக்கு மட்டும் போன் பண்ணியே சொல்லிட்டோம்.

மலைமேல_மிளகு · வெள்ளி, மாலை 5:50

எனக்கும் வந்துச்சுங்க, பனி வெலகி இப்பதான் வந்துச்சு. தேதி இருந்துச்சு, மணி இருந்துச்சு. மூட்டைய கட்டி உள்ள வச்சுட்டேன், நாளைக்குப் பாக்குறேன்.